திரும்பிப் பார்க்காத வேலுமணி

வேலுமணியைப் பற்றிச் சொல்வதானால் பஸ்ஸிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வேறெங்கிருந்து ஆரம்பித்தாலும் சரியாக வராது. காங்கயத்துக்காரர். மீசை முளைப்பதற்கு முன்பே ஈரோடு–தாராபுரம் ஓடும் தனியார் பஸ்ஸில் கிளீனராக ஏறினார். கண்டக்டரானார், டிரைவரானார். ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகு அதை விடவே மனசு வரவில்லை. அவருடைய மனைவி கண்மணி நர்ஸ். நியூ ஜெர்சியில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கண்மணிக்கு வேலை வந்தபோது, பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்று ஊரில் பேசினார்கள். ஆமாம், போனார். அதிலென்ன தப்பு? மகள் வெண்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் விமானம் ஏறினார். அது தொண்ணூறாம் வருஷம்.

பார்சிப்பனி என்ற ஊரில் ஓர் அபார்ட்மெண்ட். வந்த புதிதில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே ஒட்ட வேண்டும். கால் வலித்ததைவிட, கால் எதையும் மிதிக்காமல் சும்மா கிடக்கிறதே என்றுதான் அவருக்கு வருத்தம். பிரேக்கும் கிளட்ச்சும் மிதித்த கால் அது. ராத்திரியெல்லாம் புத்தகத்தை வைத்துக்கொண்டு வெண்பாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பெரிய வண்டி ஓட்டுகிற லைசென்ஸ் வாங்கினார். கொஞ்ச நாளில் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு டிரைவர் ஆனார். அன்றைக்குக் கண்மணி பாயசம் வைத்தாள்.

அந்தப் பஸ்ஸில் ஒரு விஷயம் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இறங்குகிற பிள்ளைகள் ஒவ்வொன்றும் அவரைப் பார்த்து "தேங்க் யூ" சொல்லிவிட்டு இறங்கும். பை கனத்தாலும், காதில் பாட்டு ஓடினாலும், பரீட்சைக்கு நேரமாகிவிட்டாலும் சொல்லாமல் இறங்காது. இத்தனை வருஷம் தாராபுரம் ரோட்டில் ஓட்டியிருக்கிறார், ஒருத்தர் சொன்னதில்லை. "ஏப்பா, கோயில் கிட்ட நிறுத்தச் சொன்னேனே" என்று திட்டிவிட்டுத்தான் இறங்குவார்கள். இங்கே நாள் முழுக்க நன்றி. ராத்திரி சாப்பிட உட்காரும்போது கண்மணியிடம் சொல்லுவார், "இன்னிக்கும் பூராப் பேரும் சொல்லிப்போட்டுத்தான் எறங்குனாங்க." கண்மணி தலையை ஆட்டுவாள். அவளுக்கு நோயாளிகளிடமிருந்து கிடைப்பது வேறு மாதிரி வார்த்தைகள்.

அந்த ஊரில் இலை பழுத்துச் சிவக்கிற மாதம் வந்தால் பல்கலைக்கழகத்தில் ஒரு திருவிழா மாதிரி நடக்கும். ஓப்பன் ஹவுஸ் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் வந்து இடத்தைச் சுற்றிப் பார்க்கிற நாள். வகுப்பு, லேப், ஹாஸ்டல், சாப்பாட்டுக் கூடம் எல்லாக் கதவும் திறந்திருக்கும். புல்வெளியில் கூடாரம் அடித்து, ஆப்பிள் சாறும் டோனட்டும் கொடுப்பார்கள். பேண்டு வாத்தியம் உண்டு. வருகிறவர்கள் காரை ஃபுட்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் உள்ளே வர வேண்டும். அந்தப் பஸ்ஸை ஓட்ட எல்லா டிரைவருக்கும் ஆசை. யாருக்குக் கொடுப்பது என்பதை மேலாளர் ஃபிராங்க் முடிவு பண்ணுவார். ஃபிராங்க் வழுக்கைத் தலையும் தொங்கு மீசையுமாக இருக்கும் ஆள். பஸ்ஸில் ஒரு தூசி இருந்தாலும் விரலால் தொட்டுக் காட்டுகிற ரகம்.

தொண்ணூற்றேழாம் வருஷம் ஃபிராங்க் முதல் பஸ்ஸை வேலுமணிக்குக் கொடுத்தார்.

வேலுமணிக்குத் தலைகால் புரியவில்லை. காரணம், அந்த வருஷம் வெண்பாவும் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவளும் ஓப்பன் ஹவுஸுக்கு வருகிறாள். ஊரில் இருந்தபோது சின்னப் பிள்ளையாக அவளைத் தன் பஸ்ஸில் டிரைவர் ஸீட்டுக்குப் பக்கத்து என்ஜின் பானட்டின் மேல் உட்கார வைத்து ஓட்டுவார். சூடு தாக்காமல் இருக்கத் துண்டை நாலாக மடித்துப் போடுவார். வருகிற போகிற லாரிக்கெல்லாம் அவள்தான் ஹாரன் அடிப்பாள். இந்த ஊர் பஸ்ஸில் என்ஜின் பின்னால் இருக்கிறது, பானட்டே கிடையாது. பரவாயில்லை, முன் ஸீட் இருக்கிறதே. டிரைவருக்குப் பக்கத்து முன் ஸீட்டில் மகள் உட்கார்ந்து வர வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. பெரிய ஆசை என்று யாராவது சொல்ல முடியுமா?

அதை அவர் சொன்னபோது வெண்பா தட்டில் இருந்த இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, நான் பவதாரணி ஃபேமிலியோட வேன்ல வர்றேன். உங்க பஸ்தான் கிடைச்சா ஓகே. ஆனா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, ப்ளீஸ்."

"ஏங்கண்ணு?"

"அங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும். நாளைக்கு நான் அட்மிட் ஆனா அப்பா சொல்லித்தான் சீட் கிடைச்சதும்பாங்க. நான் நார்மலா, எல்லாரையும் போல வந்து பாக்கணும்."

அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்று வேலுமணிக்கும் தெரியும், வெண்பாவுக்கும் தெரியும். பள்ளித் தோழி பவதாரணியின் அப்பா டாக்டர். கூட வருகிற மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் கம்ப்யூட்டரில் இருப்பவர்கள். கண்மணிக்குக் கோபம் வந்தது. வேலுமணி கையைக் காட்டி அவளை அடக்கினார். "சரி சாமி. தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லியை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

இப்போது பூசணிக்காய்க்கு வர வேண்டும்.

அந்த வருஷம் ஓப்பன் ஹவுஸ் சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. சனிக்கிழமை விஜயதசமி. மற்ற வருஷங்களில் வேலுமணி ஸ்டியரிங்குக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். இந்த வருஷம் அப்படி விட முடியுமா? முதல் பஸ். நூறு பேர் பார்க்கப் போகிற பஸ். மகள் ஏறப் போகிற பஸ். ஊரில் பஸ் முதலாளிகள் ஆயுத பூஜைக்கு எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்வது என்று தீர்மானித்துவிட்டார். தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். அவரிடம் மாற்றிப் பேச முடியாது.

திருஷ்டி கழிக்க வெள்ளைப் பூசணிக்காய் வேண்டும். இந்தியக் கடைகளில் அலைந்து பார்த்தார், கிடைக்கவில்லை. ஆனால் அக்டோபர் மாதத்தில் நியூ ஜெர்சியில் எங்கே திரும்பினாலும் செக்கச்செவேலென்று பரங்கிக்காய் மலைபோல் குவிந்து கிடக்கும். அதில் உருண்டையாக ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தார். கண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, அரசாணிக்காயப் போயி யாராச்சும் திருஷ்டி சுத்துவாங்களா? அது பொரியல் பண்றதுங்க."

"காய்தானே? உருண்டையா இருக்குது. உள்ள குங்குமம் போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

அவர்கள் பக்கத்தில் அதற்கு அரசாணிக்காய் என்றுதான் பெயர். கண்மணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சுண்டலும் பொங்கலும் செய்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் டியூட்டிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஓப்பன் ஹவுஸ் பஸ்களை மைதானத்துப் பக்கம் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிட வேண்டும். வேலுமணி தன் பஸ்ஸைக் கழுவித் துடைத்தார். கண்ணாடியின் ஓரத்தில் சந்தனம், குங்குமம். கதவுக்குச் சாமந்திச் சரம். அந்த ஊர்க் கடைகளில் அந்த மாதம் சாமந்தி தொட்டி தொட்டியாக விற்கும், அதற்கு மட்டும் குறையில்லை. பொங்கலையும் சுண்டலையும் வைத்துக் கும்பிட்டார். பிறகு பரங்கிக்காயின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை நிறைய ஊற்றினார். மேலே கற்பூரம் ஏற்றி, பஸ்ஸை மூன்று சுற்றுச் சுற்றினார். மூன்று வழி சேருகிற இடத்தில் உடைக்க வேண்டும். மைதானத்து வாசலில் அப்படி ஒரு முக்கு இருந்தது, பஸ் ஏறுகிறவர்கள் நிற்கிற இடம். பொழுது இறங்கி இருட்டு கவிந்துவிட்டது. தலைக்கு மேல் தூக்கி ஓங்கி ஒரே போடு.

உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்த முறை. திரும்பிப் பார்த்தால் கழித்த கண்ணேறு கூடவே வந்துவிடும். வேலுமணி முறை தவறாதவர். உடைத்த வேகத்தில் திரும்பி, நேராகக் காருக்கு நடந்து, வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரோட்டை ஒட்டிய புல்லில் மாணவர்கள் ஒரு பெரிய வெள்ளைத் துணியில் வரவேற்பு எழுதி, பெயிண்ட் காய்வதற்காக விரித்து வைத்திருந்தார்கள். இருட்டில் அவர் அதைக் கவனிக்கவில்லை. பரங்கிக்காய் சிதறி, உள்ளே இருந்த சிவப்புத் தண்ணீர் அத்தனையும் ரத்தம் போல அந்தத் துணியின் மேல்தான் போய்த் தெறித்திருந்தது.

காலையில் வேலுமணி நான்கு எலுமிச்சம்பழங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மீதிச் சுண்டல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். டயருக்கு ஒன்றாக நான்கையும் வைத்தார். வண்டி அதை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும், அதுதான் முதல் சவாரிக்கு அழகு. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். முக்கில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. போலீஸ் கார் ஒன்று நின்றது. பஸ்ஸுக்காக வந்தவர்கள் நாடாவுக்கு வெளியே கூட்டமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அணில்கள் வேறு விதை பொறுக்க வந்துவிட்டன. கொழுத்த சாம்பல் நிற அணில் ஒன்று வாயெல்லாம் சிவப்பாக நாடாவின் மேல் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்தது. ஒரு பெண் அதைக் கண்டு தன் பிள்ளையின் கண்ணை மூடினாள்.

துணிக்குப் பக்கத்தில் இரண்டு மாணவிகள் அழாத குறையாக நின்றார்கள். எதிர்க் கட்டடத்து விடுதிப் பையன்களின் வேலைதான் இது, போன வருஷமும் அவர்கள்தான் கொடியைக் கிழித்தார்கள் என்று ஒருத்தி போலீஸ்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபிராங்க் மீசையைக் கடித்துக்கொண்டு, எவன் செய்தானோ அவனைப் பல்கலைக்கழகத்தை விட்டே அனுப்ப வேண்டும் என்றார். போலீஸ்காரம்மா விடுதிக்குப் போய் அந்தப் பையன்களை எழுப்பிக் கூட்டிவரத் திரும்பினார்.

வேலுமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த நேரம் பார்த்து வேன் ஒன்று வந்து நின்றது. பவதாரணி இறங்கினாள், அவள் அம்மா பத்மராணி இறங்கினார், பின்னாலேயே வெண்பா. புதுச் சட்டை போட்டிருந்தாள். கூட இன்னும் இரண்டு பள்ளித் தோழிகள்.

இப்போது வாயைத் திறந்தால் மகளுக்கு முன்னால் தலைகுனிவு. வாயைத் திறக்காவிட்டால் தூங்கிக்கொண்டிருக்கிற யார் வீட்டுப் பிள்ளைகளோ போலீஸ் முன்னால் நிற்க வேண்டும். வேலுமணி யோசிக்கத்தான் செய்தார். ரொம்ப நேரம் யோசித்தார் என்று சொன்னால் அது பொய். வெண்பா நிற்கிற பக்கம் மட்டும் பார்க்காமல், கழுத்தை விறைத்துக்கொண்டு நாடாவைத் தூக்கி உள்ளே போனார். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாரே. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?

பையன்களை எழுப்ப வேண்டாம், இது நான் செய்தது என்றார். ஃபிராங்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மீசையை விட்டுவிட்டு, ஏன் என்று கேட்டார்.

பஸ் ஓட்டுகிற இங்கிலீஷ் வேலுமணியிடம் தாராளமாக இருந்தது. ரைட், லெஃப்ட், லாஸ்ட் ஸ்டாப், ஸ்லோ ஸ்லோ எல்லாம் சரளமாக வரும். ஆனால் திருஷ்டியை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், பஸ்ஸைக் காட்டினார், கூட்டத்தின் கண்களைக் காட்டினார், கையால் சுற்றிக் காட்டி, கீழே போட்டு உடைப்பது போலக் காட்டினார். போலீஸ்காரம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இந்த ஆளுக்குக் கூட்டத்தின் மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருப்பார். வேலுமணிக்கு வேர்த்துவிட்டது. அந்தக் குளிரில்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. இங்கிலீஷில், நடுங்காத குரல்.

"எக்ஸ்க்யூஸ் மீ. ஹி இஸ் மை டாட்."

கூட்டம் விலகியது. வெண்பா நாடாவுக்கு அடியில் குனிந்து வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அவர் இன்னும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள்தான் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒரு நாள், எந்தப் பொருளை வைத்து வேலை செய்கிறோமோ அதைக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம். டாக்டராக இருந்தால் ஸ்டெதஸ்கோப், டிரைவராக இருந்தால் பஸ். நிறையப் பேர் பார்க்கிற பொருள்மேல் பொறாமைக் கண் விழுந்துவிடக் கூடாது என்று காயைச் சுற்றி உடைப்போம். அந்தக் கண்ணையெல்லாம் இந்தப் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு உடைந்துபோகும். உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, அதனால்தான் அப்பா இந்தத் துணியைப் பார்க்கவில்லை. அது ரத்தமில்லை, மஞ்சளும் சுண்ணாம்பும் குங்குமமும். உங்கள் எல்லோருக்கும் முன்னால் இந்தப் பஸ் ஓடப் போகிறது என்பதற்காகத்தான் இத்தனையும்.

அவ்வளவு நீளமாக அவள் பேசி வேலுமணி கேட்டதில்லை. அவருக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. துணி எழுதிய மாணவிகளிடம் வேலுமணி கையைக் குவித்து மன்னிப்புக் கேட்டார். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அணில் ஏன் அப்படி இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது என்றார்கள். நாடாவுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பத்மராணி யாழ்ப்பாணத்துக்காரர், சும்மா இருப்பாரா?

"எங்கட பக்கம் வெள்ளை நீத்துப்பூசணி அண்ணை, கத்தியால வெட்டுறது. இப்பிடி உடைக்கிறதெண்டா கையோட ஒரு விளக்குமாறும் கொண்டு வந்திருக்கலாமே."

"அடுத்த வருஷம் நீங்க கொண்டாங்க அக்கா" என்றார் வேலுமணி.

விளக்குமாறு ஃபிராங்கே எடுத்து வந்து கொடுத்தார். வேலுமணி பெருக்கி அள்ளினார். பிறகு ஃபிராங்க் பஸ்ஸைச் சுற்றி வந்து, பொட்டெல்லாம் துடைத்துவிட்டுக் கிளம்பு என்றார். வேலுமணி முடியாது என்றார். நாளைக்குத் துடைக்கலாம், இன்றைக்கு விஜயதசமி, வைத்த பொட்டை இன்றைக்கு அழிக்கக் கூடாது. வேண்டுமென்றால் வேறு டிரைவரைப் போடுங்கள், ஆனால் அவரும் துடைக்கக் கூடாது. ஃபிராங்க் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கண்ணாடியில் ரோடு தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். தெரிகிறது என்றார் வேலுமணி. போ என்று கையை ஆட்டினார் ஃபிராங்க். பிறகு வந்த வருஷங்களில் அக்டோபர் பிறந்தாலே, உன் காய் எந்த நாள் என்று அவரே கேட்டு, டிப்போவில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வைத்துவிடுவார். மற்ற டிரைவர்களும் தங்கள் பஸ்ஸுக்கும் சுற்றச் சொல்லி வந்து நின்றார்கள். அதெல்லாம் பிறகு.

அன்றைக்குக் கதவு திறந்ததும் ஜனங்கள் ஏறினார்கள். வேலுமணி முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் ஸீட்டில் யாரோ உட்காருகிற சத்தம் கேட்டது. யாரென்று பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"அப்பா. இப்ப பாக்கலாம். அது பூசணிக்காய்க்குத்தான் ரூல்."

பார்த்தார். வெண்பா. பவதாரணியும் தோழிகளும் பின் ஸீட்டிலிருந்து தலையை நீட்டி, ஆண்ட்டி செய்த சுண்டல் இருக்கிறதா என்று கேட்டார்கள். டப்பா கைமாறியது. யாருக்கும் தெரியாத மாதிரி வர வேண்டும் என்றவள் இப்போது அடுத்த வரிசைக்காரர்களுக்கு, இது எங்க அம்மா செஞ்சது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலுமணி கியரைப் போட்டார். நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்குகிற சத்தம் கேட்டது. பஸ்ஸுக்குள் வாசனை வந்தது.

மெயின் கட்டடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் தேங்க் யூ சொன்னார்கள். பத்மராணி, "மெதுவா ஓடுங்கோ அண்ணை" என்று சொல்லி இறங்கினார். பவதாரணி இறங்கி நின்று வெண்பாவைக் கூப்பிட்டாள். நீ போ, வருகிறேன் என்று வெண்பா கையைக் காட்டினாள்.

"எறங்கலையா கண்ணு? லேப் எல்லாம் பாக்கோணும்னியே."

"டூருக்கு இன்னும் டைம் இருக்குப்பா. இன்னொரு ரவுண்டு போலாம்."

திரும்பி மைதானத்துக்கு வந்தபோது அந்த மாணவிகள் துணியைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். சிவப்புத் தெறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு காம்பு வரைந்து, நரம்பு வரைந்து, மேப்பிள் இலையாக்கிவிட்டிருந்தார்கள். அடுத்த கூட்டம் அதற்கடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. எதிரே இன்னொரு பஸ் வந்தது. வெண்பா எழுந்து, அப்பாவின் தோளுக்கு மேலே கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள்.

கேம்பஸுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாதென்பது ஃபிராங்கின் சட்டம். வேலுமணி தோளைச் சற்றுச் சாய்த்து அவள் கைக்கு வழிவிட்டார்.